காசு பட்ட பாடு

வணக்கம் நேயர்களே. 19ஆம் நூற்றாண்டு நெதர்லாந்து வெள்ளிக் காசு என்றதும் எல்லாமே அரிது, எல்லாமே யானை விலை என்று நினைத்துவிடாதீர்கள். மன்னர் மூன்றாம் வில்லெமின் 1874 ரைக்ஸ்டால்டர், அதாவது இரண்டரை கில்டர் (கில்டர் அந்நாட்டின் பழைய பணம்), இன்றைக்கும் தாராளமாகக் கிடைக்கிறது. கெடாமல் தப்பிய காசுதான் அரிது. ஆண்டைப் பார்க்கும் முன் காசு பட்ட பாட்டைப் பாருங்கள்.

மன்னர் முதலாம் வில்லெம் காலத்துக் கில்டரில் சுத்த வெள்ளி சுமார் 9.6 கிராம். 1839 நாணயச் சட்டத்துக்குப் பிறகு அடித்ததில் 9.45 கிராம்தான். கடையில் இரண்டும் ஒரே கில்டர். எதைச் செலவழிப்பார்கள், எதை உருக்குவார்கள், நீங்களே சொல்லுங்கள்.

உருக்காமல் விட்டதற்கும் நிம்மதி இல்லை. வோலண்டாம் என்று ஒரு மீனவ ஊர். அங்கே அந்தக் காலத்தில் ஆண்களின் தொளதொள கால்சட்டைக்கு வெள்ளிக் காசுதான் பொத்தான், ரைக்ஸ்டால்டர் என்றால் இன்னும் கெத்து! (எனக்கு அந்தப் பொத்தான்களே தனியாகப் பிடிக்கும், அது வேறு கதை.) பொத்தானாக்க, காசின் ஒரு பக்கத்தில் காது பற்றவைத்தாக வேண்டும். பிற்பாடு யாரோ அந்தக் காதைப் பிடுங்கி, தழும்பை அரத்தால் ராவி, குத்துவிளக்கு மாதிரி பளபளவென்று துலக்கி விற்றுவிடுவார். கண்டுபிடிப்பது கஷ்டமில்லை. காசை விளக்குக்குச் சாய்த்துப் பிடியுங்கள். புழங்கித் தேய்ந்த காசு எங்கும் தேய்ந்திருக்கும். மேலே கிரீடம் கூர்மையாக இருந்து, நடுவில் கேடயத்துச் சிங்கம் மட்டும் மொழுக்கென்று இருந்தால் சந்தேகப்படுங்கள். சிலது கழுத்து நகையாகியிருக்கும், அதில் தழும்பு விளிம்பில். விளிம்பைச் சுற்றி ‘கடவுள் நம்மோடு இருப்பாராக’ என்று டச்சு மொழியில் எழுத்து ஓடும், அதில் ஓர் எழுத்து மழுங்கியிருந்தாலும் கீழே வைத்துவிடுங்கள். தராசில் ரைக்ஸ்டால்டர் 25 கிராம், கில்டர் 10 கிராம். தேய்மானத்தில் கொஞ்சம் குறையலாம், ஆனால் பற்றவைத்த மிச்சம் இருந்தால் ஏறும்.

சரி, கண்ணாடிக்கு அந்தப் பக்கம் கடிகாரத்தைக் காட்டுகிறார்கள். காசடிக்கும் அக்கசாலை பொறிக்கும் சின்னக் குறிகளைப் பற்றி நிறையச் சொல்ல நினைத்தேன்... ஒன்று மட்டும். 1846இல் குறி அல்லியிலிருந்து வாளுக்கு மாறியது. 1846 ரைக்ஸ்டால்டர் இரண்டிலும் உண்டு, ஆண்டை மட்டும் பார்த்து வாங்காதீர்கள். அப்புறம், 1875இல் நாடு பணத்துக்கு அடிப்படையாக வெள்ளியை விட்டுத் தங்கத்துக்கு மாறியதால் ரைக்ஸ்டால்டர் 1874உடன் நின்று, வில்ஹெல்மினா ராணி ஆட்சிப் பொறுப்பேற்ற 1898இல்தான் திரும்ப வந்தது, அந்த வடிவம் அந்த ஓர் ஆண்டு மட்டுமே. யாராவது நீட்டினால் முதலில் விளிம்பு, பிறகு விலை. வணக்கம்.