கிளவுஸ் மேல சானிடைசர் தடவலாமா? ஏற்காட்டிலிருந்து வந்த கேள்வி

அடுத்த கேள்வி ஏற்காட்டுல முதியோர் இல்லத்துல வேலை பார்க்கிற ஒரு தங்கச்சி அனுப்பியிருக்காங்க. "மார்கழி, தையில இங்க குழாய்த் தண்ணியில கை வைக்க முடியல. கழுவிக் கழுவி கை வெடிச்சு எரியுது. அதனால காலையில கிளவுஸ் போட்டா மதியம்தான் கழட்டறேன். ஒருத்தரை முடிச்சிட்டு அடுத்தவங்ககிட்ட போகும்போது கிளவுஸ் மேலயே சானிடைசர் தடவிக்கறேன். சரிங்களா?"ன்னு கேட்டிருக்காங்க.

சரியில்லம்மா, இன்னிக்கே நிறுத்திடுங்க. ஆனா உங்க கை வெடிப்பும் லேசான விஷயம் இல்ல. கீழ சேலத்துல இருக்கிற எங்களுக்கு அந்தக் குளிர் தெரியாது. அதனால ரெண்டையும் பேசிடறேன்.

கிளவுஸ் உள்ள கை சுத்தமா இருக்கிற மாதிரி தோணறதால, வெளிய ஒட்டியிருக்கிற அழுக்கு நமக்கு உறைக்காது. ஒரு தாத்தாவுக்கு டயப்பர் மாத்தின கிளவுஸோட அடுத்த கட்டில் பாட்டிக்குக் கஞ்சி கொடுத்தா, இவர் மலத்துல இருக்கிற கிருமி அவங்க வாய்க்குத்தான் போகும். ஒரே ஆளுக்குள்ளயும் அப்படித்தான். டயப்பர் மாத்தின கிளவுஸோட படுக்கைப்புண்ணையோ யூரின் டியூபையோ தொடக்கூடாது. கழட்டிட்டு, கையைச் சுத்தம் பண்ணிட்டு, புதுசு போடணும். சானிடைசர் தோலுக்குன்னு செஞ்சது. கிளவுஸ்ல தடவினா அந்த ரப்பர் கெட்டுப்போகும். கண்ணுக்குத் தெரியாத ஓட்டை கிளவுஸ்ல இருக்கலாம், கழட்டும்போதும் கையில ஒட்டும். அதனாலதான் கழட்டினதும் கை சுத்தம் பண்ணச் சொல்றோம். கழட்டின கிளவுஸை மருத்துவக் கழிவு போடற சிவப்புப் பையில போடுங்க.

இப்ப உங்க கை. எல்லாத் தடவையும் தண்ணியில கழுவணும்னு இல்லம்மா. கையில அழுக்கு கண்ணுக்குத் தெரியலைன்னா ஆல்கஹால் ஹேண்ட் ரப், அதாவது சானிடைசர், போதும். உள்ளங்கை நிறைய எடுத்து, விரல் இடுக்கு, கட்டைவிரல், நக நுனி எல்லாம் படற மாதிரி 20லிருந்து 30 செகண்ட், தானா காயற வரைக்கும் தேய்க்கணும். கிளிசரின் கலந்ததா வாங்குங்க, அடிக்கடி சோப்புப் போடறதைவிட தோலுக்கு நல்லது. வெடிப்புல பட்டா எரியும்தான், ஆனா வெடிப்புக்குப் பெரும்பாலும் காரணம் சோப்பும் ஈரமும். ரத்தம், மலம் பட்டிருந்தா, வயித்துப்போக்கு இருக்கிறவங்களைப் பார்த்திருந்தா, பாத்ரூம் போயிட்டு வந்தா சோப்பும் தண்ணியும்தான். வயித்துப்போக்கு உண்டாக்கற சில கிருமி ஆல்கஹாலுக்குச் சாகாது. சோப்புப் போட்டுக் கழுவ 40லிருந்து 60 செகண்ட் ஆகணும். சுடுதண்ணி வேண்டாம், வெடிப்பு அதிகமாகும். குளிர் விட்ட வெதுவெதுப்பு போதும். துணியால ஒத்தி நல்லா துடைங்க, ஈரக்கையில கிளவுஸ் மாட்டாதீங்க. சோப்புப் போட்ட கையோட உடனே சானிடைசரும் போட வேண்டாம்.

ராத்திரி வேலை முடிஞ்சதும் தேங்காய் எண்ணெயோ வாஸ்லினோ தாராளமா தடவுங்க. வேலை நேரத்துல தடவாதீங்க, எண்ணெய் பட்டா லேடெக்ஸ் கிளவுஸ் இளகிடும். வெடிப்புல சீழ் வெச்சிருந்தா இன்சார்ஜ்கிட்ட சொல்லிட்டு, ஆறற வரைக்கும் புண்ணுக்குக் கட்டுப் போடற வேலையை வேற ஆள்கிட்ட விடுங்க.

எனக்கு ரொம்ப முக்கியமா படறது ஒண்ணு இருக்குங்க. தொட்டு முடிச்சதும் நாம எல்லாரும் கழுவிடறோம், ஏன்னா அருவருப்பு. தொடறதுக்கு முன்னாடிதான் விட்டுடறோம். முன்னாடி கழுவறது அவங்களுக்காக. திருப்பிச் சொல்ல முடியாம படுத்திருக்கிறவங்க அவங்க. கட்டில் கம்பி, தண்ணிச் சொம்பு தொட்டாலும் அது நோயாளியைத் தொட்ட மாதிரிதான்.

இல்லம் நடத்தறவங்களுக்கும் ஒரு வார்த்தை. கிளவுஸ் பெட்டியை எண்ணி எண்ணிக் கொடுத்தா, பிள்ளைங்க ஒரே ஜோடியை நாள் முழுக்கப் போடத்தான் செய்வாங்க. சாப்பாடு ஊட்ட, பிரஷர் பார்க்க, கைபிடிச்சு நடத்த கிளவுஸே தேவையில்ல, சுத்தமான கை போதும். கட்டிலுக்கு ஒரு ஹேண்ட் ரப் பாட்டில் மாட்டுங்க, கிளவுஸ் செலவு தானா குறையும்.

அடுத்து, ஓமலூர்ல இருந்து யூரின் பேக்கை எங்க தொங்கவிடணும்னு கேட்டிருக்காங்க.