வேனுக்காகச் செய்த பெட்டி

நேயர்களுக்கு வணக்கம்.

"கனவு ஸ்பீக்கர்கள் பற்றிப் பேச முடியுமா?" என்று வானொலி நிலையத்திலிருந்து கேட்டபோது எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. இந்த நேரத்தில் நீங்கள் என்னைக் கேட்டுக்கொண்டிருப்பது செல்பேசியின் அடியில் இருக்கும் ஓட்டை வழியாகவோ, கார் கதவுக்குள் இருக்கும் ஸ்பீக்கர் வழியாகவோதான். அதில் உயர்தர ஒலியைப் பற்றிப் பேசுவது, பசித்தவருக்குச் சாப்பாட்டை போட்டோவில் காட்டுவது மாதிரி. சரி, போட்டோவாவது காட்டுகிறேன்.

ஒரு ஜோடி ஸ்பீக்கருக்கு ஒரு ஃபிளாட்டின் விலை கொடுப்பவர்கள் உலகத்தில் உண்டு. எதற்குக் கொடுக்கிறார்கள்? ஸ்பீக்கர் செய்கிற வேலை ரொம்பச் சின்னது. காற்றைத் தள்ள வேண்டும், இழுக்க வேண்டும், அவ்வளவுதான். காந்தத்துக்கு நடுவே கம்பிச்சுருள், அதன் நுனியில் ஒரு கூம்பு என்ற ஏற்பாட்டை அமெரிக்காவில் ரைஸ், கெல்லாக் என்ற இரண்டு பொறியாளர்கள் 1925-ல் விளக்கி எழுதினார்கள். நூறு வருஷம் கழித்து உங்கள் டிவிக்குள் இருப்பதும் கிட்டத்தட்ட அதேதான். ஆனால் கூம்புக்கு எடை இருக்கிறது. நில் என்றால் உடனே நிற்காது. அது அடைபட்டிருக்கும் பெட்டியும் சும்மா இருக்காமல் கூடவே பாடும். இந்த இரண்டு தொல்லைகளோடு மல்லுக்கட்டியவர்களின் கதைதான் கனவு ஸ்பீக்கர்களின் கதை.

இங்கிலாந்தில் ஹன்டிங்டன் என்ற ஊரில் பீட்டர் வாக்கர் என்று ஒருவர் இருந்தார். கூம்பும் வேண்டாம், பெட்டியும் வேண்டாம் என்று முடிவு கட்டினார். தலைமுடியை விட மெல்லிய பிளாஸ்டிக் படலத்தை எடுத்து, துளை போட்ட இரண்டு தகடுகளுக்கு நடுவே விறைப்பாகக் கட்டினார். படலத்துக்குச் சில ஆயிரம் வோல்ட் மின்னூட்டம், தகடுகளுக்குப் பாட்டின் மின்சாரம். ஒரு தகடு தள்ள, மற்றது இழுக்க, படலம் முழுவதும் ஒரே நேரத்தில் அசையும். எடையே இல்லாத மாதிரி. 1957-ல் விற்பனைக்கு வந்த குவாட் ஈஎஸ்எல் அதுதான். 1985 வரை செய்தார்கள். பார்த்தால் ஸ்பீக்கர் என்று யாரும் சொல்ல மாட்டார்கள், குளிர்நாட்டு வீடுகளில் சுவரோரம் நிற்கும் ரூம் ஹீட்டர் என்பார்கள். நண்பர் ஒருவர் வீட்டில் அதில் ஒரு வயலின் கேட்டேன். வில் நரம்பைத் தொடுகிற அந்த முதல் கணம், ஒலி பிறப்பதற்கு முந்தைய சின்ன உரசல், அதுவரை எந்தப் பெட்டியிலும் நான் கேட்காத ஒன்று.

ஆனால் சத்தமாகக் கேட்க முடியாது. அளவு மீறினால் உள்ளே தீப்பொறி பறந்து படலம் ஓட்டையாகும். அடிநாதமும், அதாவது 'பேஸ்' என்கிற கனத்த ஒலியும் குறைவு. ஒலி பின்பக்கமும் வருவதால் சுவரை விட்டுத் தள்ளி, கூடத்தின் நடுவே நிறுத்த வேண்டும். அப்புறம் ஈரக்காற்றும் தூசியும் இந்த மாதிரி ஸ்பீக்கர்களுக்குப் பகை. கடலோரத்தில் வீடு வைத்திருப்பவர்கள் ஆசையை அடக்கிக்கொள்ளலாம்.

இதற்கு நேர் எதிர்த் திசையில் போனவர் பால் கிளிப்ஷ். அமெரிக்காவில் ஆர்கன்சா மாநிலம், ஊர் பெயர் ஹோப். கோயில் திருவிழாவில் கட்டும் குழாய் ஸ்பீக்கரை நினைத்துக்கொள்ளுங்கள். குழாயின் வாய் விரிவதால்தான் சின்ன அசைவும் ஊருக்கே கேட்கிறது. அடிநாதத்துக்கும் அப்படியே குழாய் வைத்தால் வீட்டை விடப் பெரிதாகிவிடும். கிளிப்ஷ் அந்தக் குழாயை மடித்து மடித்துப் பெட்டிக்குள் வைத்தார். மிச்சக் குழாயாக அறையின் மூலைச் சுவர்களையே எடுத்துக்கொண்டார்! 1946-லிருந்து விற்பனையில் இருக்கிறது கிளிப்ஷ்ஹார்ன். ஒரு வாட் கொடுத்தால் ஒரு மீட்டர் தூரத்தில் 105 டெசிபல் என்பது தயாரிப்பாளர் கணக்கு. அதாவது காதைப் பொத்த வேண்டிய சத்தம். ஒரே ஒரு நிபந்தனை, ஒரே சுவரின் இரண்டு மூலைகளும் காலியாக இருக்க வேண்டும். நம் வீடுகளில் ஒரு மூலையில் கதவு, இன்னொன்றில் சாமி அலமாரி. யாரை நகர்த்துவது?

1993-ல் வந்த பவர்ஸ் அண்ட் வில்கின்ஸ் நிறுவனத்தின் நாட்டிலஸ் ஸ்பீக்கர் பற்றியும் ஒரு வார்த்தை. பெரிய சங்கு மாதிரி இருக்கும். அடிநாதக் கூம்பின் பின்னால் போகும் ஒலி, சுருண்டு சுருண்டு குறுகும் குழாய்க்குள் போய் அப்படியே அடங்கிவிடும். ஒரு ஜோடியை ஓட்ட எட்டு ஆம்ப்ளிஃபயர் சேனல்கள் வேண்டும். மின்கட்டணத்தைப் பற்றி யோசிப்பவர்களுக்கு அது இல்லை.

எனக்குப் பிடித்தது இவை எதுவும் இல்லை. செருப்புப் பெட்டி அளவில் ஒன்று இருக்கிறது. அதைச் செய்தவர்களும் வானொலிக்காரர்கள்தான். எல்எஸ்3/5ஏ என்று பெயர், ஏதோ ரேஷன் கார்டு எண் மாதிரி. 1970-களின் தொடக்கத்தில் பிபிசி பொறியாளர்களுக்கு ஒரு தேவை. வெளி ஒலிபரப்புக்குப் போகும் வேனுக்குள் உட்கார்ந்து, மைக்கில் வருவது சரியாக இருக்கிறதா என்று கேட்டுச் சொல்ல வேண்டும். வேனில் இடம் கிடையாது. ஸ்டுடியோக்களின் சிறு மாதிரிகளைக் கட்டிச் சோதனை செய்வதற்காக ஏற்கெனவே ஒரு சின்னப் பெட்டி வைத்திருந்தார்கள். அதையே திருத்தி எடுத்துக்கொண்டார்கள். உயரம் சுமார் 30 சென்டிமீட்டர், அகலம் 19.

பெட்டி பாடக் கூடாது என்றால் கனமான பலகை போடுவோம், இல்லையா? பிபிசியின் ஹார்வுட் வேறு மாதிரி யோசித்தார். கனத்த பலகையும் அதிரும், ஆனால் அதன் அதிர்வு மனிதக் குரலின் நடுப்பகுதியில் வந்து விழும், அதை அடக்குவதும் கஷ்டம். அதனால் பிர்ச் மரத்தின் மெல்லிய பிளைவுட், 12 மில்லிமீட்டர்தான், உள்பக்கம் தார் அட்டை. அதிர்வு குரலுக்குக் கீழே இறங்கிவிடும், தார் அதை விழுங்கிவிடும். விரலை மடக்கித் தட்டிப் பார்த்தால் 'டங்' என்று வராது, 'தொப்' என்று வரும். ஹார்வுட் பிறகு சொந்தமாக ஹார்பெத் நிறுவனத்தைத் தொடங்கினார். தன் பெயரிலும் மனைவி எலிசபெத் பெயரிலும் பாதிப் பாதி. பிபிசியில் இருந்த ஸ்பென்சர் ஹியூஸும் மனைவி டோரதியைச் சேர்த்துக்கொண்டு ஸ்பென்டார் என்று பெயர் வைத்திருந்தார். கூடத்தை ஸ்பீக்கரால் நிரப்புகிறவர்கள் வீட்டில் சமாதானம் வாங்க இதுவும் ஒரு வழி.

அந்தச் சின்னப் பெட்டியில் குறை நிறைய. 80 ஹெர்ட்ஸுக்கு, அதாவது விநாடிக்கு 80 அதிர்வுக்குக் கீழே பெரிதாக ஒன்றும் கிடையாது. அதற்குச் சற்று மேலே கொஞ்சம் தூக்கிக் கொடுத்து, அடிநாதம் இருப்பதாகக் காதை ஏமாற்றுவார்கள். கிளிப்ஷ்ஹார்ன் ஒரு வாட்டில் போடும் சத்தத்தை இது போட 150 வாட்டுக்கு மேல் வேண்டும், அதை இது தாங்காது. தவில் கேட்கிறவர்கள் தயவுசெய்து வேறு பக்கம் போங்கள். ஆனால் ஒரு மனிதர் பேசினால் மனிதர் பேசுவது மாதிரியே இருக்கும். அதற்குக் காரணம் பிபிசிக்காரர்கள் சோதித்த முறை. தெரிந்த ஆளை ஸ்டுடியோவில் பேச வைத்து, நேரில் ஒரு தரம் கேட்பார்கள், அடுத்த அறைக்குப் போய் ஸ்பீக்கரில் ஒரு தரம் கேட்பார்கள். வயலின் உண்மையில் எப்படி ஒலித்தது என்று நமக்குத் தெரியாது, ஒலிப்பதிவுக் கூடத்தில் நாம் இருந்ததில்லை. கூட இருப்பவர் குரல் தெரியும்.

நானும் இதைச் செய்து பார்த்தேன். வீட்டில் என் மனைவி யாருடனோ பேசிக்கொண்டிருந்ததை நல்ல மைக்கில் ஒரு நிமிஷம் பதிவு செய்துகொண்டேன். ஒரு பெரிய கடையில் லட்சக்கணக்கில் விலை போட்டிருந்த ஜோடியில் அதைப் போடச் சொன்னேன். விற்பனையாளர் என்னை ஒரு மாதிரி பார்த்தார். போட்டார். அண்டாவுக்குள் தலையை விட்டுப் பேசுவது மாதிரி இருந்தது. குற்றம் ஸ்பீக்கருடையதா, நாலு பக்கமும் கண்ணாடி வைத்த அந்த அறையுடையதா என்று என்னால் சொல்ல முடியவில்லை. 15 அடி நீள அறையில் 38 ஹெர்ட்ஸ் பக்கத்தில் அடிநாதம் தேங்கி நிற்கும். டைல்ஸ் தரையும் வெறும் சுவரும் 'ச', 'ஷ' எழுத்துகளைக் கத்தியாக்கும். கைதட்டிப் பாருங்கள், அறை திரும்பப் பேசினால் முதல் செலவு திரைச்சீலைக்கும் புத்தக அலமாரிக்கும்தான்.

அதே பதிவை ஒரு நண்பர் வீட்டுக்கு எடுத்துப் போனேன். அவரிடம் அந்தப் பழைய பிபிசி பெட்டி இருக்கிறது, பழசாக வாங்கியது. சுற்றிலும் புத்தகங்கள், தரையில் ஜமுக்காளம். போட்டோம். பத்து விநாடி ஆகியிருக்கும். சமையலறையிலிருந்து அவர் அம்மா எட்டிப் பார்க்காமலே கேட்டார்: "உங்க வீட்டுக்காரம்மாவும் வந்திருக்காங்களா? சொல்லவே இல்லையே, இன்னொரு காபி போடணும்."