அடுத்து வருபவருக்கான விறகு

நேயர்களுக்கு வணக்கம்.

எஸ்தோனியாவில் ஓர் ஏரிக்கரையில், கொட்டும் மழையில் கூடாரம் அடித்த ஒரு ராத்திரியிலிருந்து தொடங்குகிறேன். ராத்திரி என்றுதான் பெயர், மணி பத்தாகியும் வெளிச்சம் போகவில்லை. ஜூலை முதல் வாரம். நண்பர்கள் மூன்று பேர் போயிருந்தோம். போட்டிருந்த சட்டை, பை, மாற்றுத்துணி எல்லாம் நனைந்துவிட்டன. சூடாக எதையாவது குடிக்காவிட்டால் தாங்காது என்ற நிலை.

கரையிலிருந்து கொஞ்சம் தள்ளி ஒரு சின்ன விறகுக் கொட்டகை இருந்தது. உள்ளே பெரிய பெரிய கட்டைகள். எங்களிடம் இருந்ததோ காய் நறுக்கும் கத்தி ஒன்று. விழித்துக்கொண்டு நின்றபோது நண்பர் ஒருவர் மூலையைக் காட்டினார். விரல் தடிமனில் பிளந்த சிராய்கள் ஒரு கட்டு, அதன்மேல் சுருட்டி வைத்த வெள்ளைப் பட்டை. பிர்ச் மரத்தின் பட்டை அது. எண்ணெய்ப் பசை உள்ளது, ஈரமாக இருந்தாலும் பற்றிக்கொள்ளும். ஒரே தீக்குச்சியில் பிடித்தது. கரும்புகை விட்டுக்கொண்டு, சுருள் விரிந்து விரிந்து எரிந்தது. கால் மணி நேரத்தில் தேநீர் கொதித்தது.

எங்களுக்கு முன்னால் தங்கியிருந்த யாரோ, கிளம்பும் நேரத்தில் உட்கார்ந்து பிளந்து வைத்துவிட்டுப் போயிருக்கிறார்கள். அந்த நாட்டில் கூடார விடுமுறை எப்படி நடக்கிறது என்பதை எனக்குச் சொல்லிக்கொடுத்தது அந்தச் சிராய்க் கட்டுதான்.

பால்டிக் கடலோரத்தில் இருக்கிறது எஸ்தோனியா. மக்கள் தொகை 13 லட்சத்துக்கு மேல். நிலத்தில் பாதி காடு. தீவுகள் மட்டும் 2,000-க்கு மேல். அரசுக் காடுகளைப் பார்த்துக்கொள்ளும் நிறுவனத்தை ஆர்.எம்.கே. என்று சுருக்கிச் சொல்கிறார்கள். அந்த நிறுவனம் நாடு முழுக்கக் காட்டுக்குள்ளும் ஏரிக்கரையிலும் கடற்கரையிலும் கூடாரம் அடிக்க இடங்கள் அமைத்திருக்கிறது. கட்டணம் கிடையாது. தீ மூட்ட ஓர் இடம், மேசை, பெஞ்சு, விறகு, தண்ணீர் இல்லாத ஒரு மரக் கழிப்பறை, அவ்வளவுதான். சில இடங்களில் பூட்டாத மரக் குடிசைகள் உண்டு, யார் வேண்டுமானாலும் உள்ளே போய்ப் படுத்துக்கொள்ளலாம். காவலாளி இல்லை, கேட் இல்லை, ரசீது இல்லை.

அதற்காக ஒழுங்கே இல்லை என்று நினைத்துவிட வேண்டாம். அரசுக் காட்டில் கூடாரமும் தீயும் அதற்கென்று ஒதுக்கிய இடத்தில் மட்டும்தான். கோடையில் காடு காய்ந்து தீ அபாயம் கூடினால் அங்கேயும் தீ மூட்டத் தடை வந்துவிடும். கொண்டுபோன குப்பையை நாமே திரும்ப எடுத்து வர வேண்டும். பட்டையை விறகுக் கட்டையிலிருந்து மட்டுமே உரிக்கலாம், நிற்கிற மரத்தில் கை வைக்கக் கூடாது. இவை எல்லாம் யாரும் நின்று மிரட்டாமலேயே நடக்கின்றன. எனக்கு அந்த நாட்டின் மேல் பெரிய மரியாதை வந்தது இதனால்தான்.

முதல் தடவை போகிறவர்களுக்கு நான் சொல்வது லாஹெமா தேசியப் பூங்கா. தலைநகர் தாலினிலிருந்து கிழக்கே காரில் ஒரு மணி நேரம். பெயருக்கு விரிகுடாக்களின் நாடு என்று பொருள். 1971-இல் அமைத்தார்கள், அன்றைய சோவியத் ஒன்றியத்தில் முதல் தேசியப் பூங்கா இதுதான். பைன் காடு நேராகக் கடலில் போய் முடிகிறது. கரையெங்கும் வீடு அளவுக்குப் பாறைகள் கிடக்கின்றன. பனியுகத்தில் பனிப்பாளங்கள் பின்லாந்துப் பக்கத்திலிருந்து இழுத்து வந்து போட்டவை அவை.

இந்தக் கடற்கரையைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். சோவியத் காலத்தில் இது எல்லைப்பகுதி. எதிர்க்கரையில் பின்லாந்து இருக்கிறதல்லவா, யாரும் படகேறித் தப்பிவிடக் கூடாது என்று கரையோரத்தைப் பூட்டி வைத்தார்கள். வர வேண்டுமென்றால் அனுமதிச்சீட்டு. மணலை வாரிச் சமப்படுத்தி வைப்பார்கள். காலையில் காலடித் தடம் தெரிந்தால் விசாரணை. காஸ்மு என்ற கடலோடிகளின் கிராமத்தில் எல்லைக் காவலர்கள் இருந்த கட்டடம் இப்போது கடல் அருங்காட்சியகம். 1991-இல் நாடு விடுதலையை மீட்ட பிறகுதான் கடற்கரை மக்களிடம் திரும்பி வந்தது. அதே மணலில் இன்று குழந்தைகள் வெறுங்காலோடு ஓடுகிறார்கள், பின்னால் தாத்தா பாட்டி கூடாரத்துக்கு முளை அடித்துக்கொண்டிருக்கிறார்கள். அந்தப் பெரியவர்களின் இளமையில் இது நடந்திருக்க முடியாது. இதைத் தெரிந்துகொண்டு பார்த்தபோது எனக்குத் தொண்டை அடைத்துக்கொண்டது.

லாஹெமாவிலேயே வீரு சதுப்பு நிலம் இருக்கிறது. சதுப்பு நிலத்தை ரபா என்பார்கள். மேலே பலகை போட்ட நடைபாதை, நடுவில் ஏறிப் பார்க்க ஒரு கோபுரம். விடிகாலையில் போங்கள். நான் நாலரை மணிக்குப் போனேன், சூரியன் ஏற்கெனவே எழுந்திருந்தது. ஸ்பாக்னம் என்னும் பாசிதான் அங்கே தரை. அது மடிந்து மடிந்து கரிப்படிவாகச் சேர்கிறது. ஆண்டுக்கு ஒரு மில்லிமீட்டர்தான் வளரும் என்கிறார்கள். ஒரு மீட்டருக்கு ஆயிரம் ஆண்டு. ஆள் உயரம்கூட இல்லாத பைன் மரங்கள் நிற்கின்றன, வயது நூறுக்கும் மேல் இருக்கும். மண்ணில் சத்து இல்லாததால் வளர்ச்சி அப்படி. நடுநடுவே கறுப்புக் குட்டைகள். குனிந்து ஒரு கை அள்ளிப் பார்த்தேன், பால் விடாத தேநீர் நிறம், அடியில் தூசி துரும்பு இல்லை. அதில் இறங்கிக் குளிக்க ஏணி வைத்திருக்கிறார்கள். இறங்கினேன். மேல் ஒரு சாண் இதமாக இருந்தது, காலுக்குக் கீழே ஐஸ்.

கூட்டம் வேண்டாம் என்றால் தீவுகளுக்குப் போகலாம். ஹீயுமா தீவுக்கு ரோஹுகூலா துறைமுகத்திலிருந்து கப்பலில் ஒன்றேகால் மணி நேரம். காரையும் ஏற்றிக்கொள்வார்கள். 1531-இல் கட்டி முடித்த கொப்பு கலங்கரை விளக்கம் அங்கே இருக்கிறது. மேற்குப் பக்கம் முழுக்கக் காடும் மணலும்தான். தென்மேற்கில் சோமா தேசியப் பூங்கா இன்னொரு தினுசு. வசந்தத்தில் ஆறுகள் பெருகி வயல், சாலை, காடு எல்லாம் முழுகிவிடும். அதை ஐந்தாவது பருவம் என்றே அழைக்கிறார்கள். ஆஸ்பென் மரத்தைக் குடைந்து, நெருப்பும் தண்ணீரும் காட்டி அகலமாக்கிச் செய்யும் ஹாப்யஸ் என்ற ஓடத்தில் போவது அங்கத்திய வழக்கம். அந்த ஓடம் கட்டும் கலையை 2021-இல் யுனெஸ்கோ, உடனே காக்க வேண்டிய மரபுகளின் பட்டியலில் சேர்த்தது.

சரி, போக நினைக்கிறவர்கள் கவனிக்க வேண்டியவை. ஐரோப்பிய நாடுகள் பலவற்றுக்கும் பொதுவான ஷெங்கன் விசா போதும். ஜூன் நடுவிலிருந்து ஆகஸ்ட் வரை நல்ல காலம். கோடையிலும் இரவில் பத்து டிகிரி வரை இறங்கும், ஸ்வெட்டரும் மழைக்கோட்டும் கட்டாயம். காட்டுக்குள் பஸ் குறைவு, வாடகைக் கார் எடுங்கள். கொசு உண்டு. காற்றடிக்கும் கடற்கரையில் குறைவு, ஏரிக்கரையில் மொய்க்கும். அதைவிட முக்கியம் உண்ணி. புல்லிலிருந்து ஏறி, வலிக்காமல் கடித்துக்கொண்டு உட்கார்ந்துவிடும். மூளைக்காய்ச்சலும் லைம் என்ற பாக்டீரியா நோயும் அதனால் வரலாம். மூளைக்காய்ச்சலுக்குத் தடுப்பூசி இருக்கிறது, ஒன்றுக்கு மேற்பட்ட தவணை என்பதால் சில மாதங்கள் முன்பே மருத்துவரைப் பாருங்கள். லைமுக்கு அப்படி ஊசி போட்டுக்கொண்டு போக வழியில்லை, கவனம்தான். கால்சட்டையைக் காலுறைக்குள் செருகிக்கொள்ளுங்கள். படுக்கும் முன் முழங்கால் மடிப்பு, அக்குள், காதுக்குப் பின்னால், குழந்தைகள் என்றால் தலைமுடி, எல்லாம் தடவிப் பார்த்துவிடுங்கள்.

சாப்பாட்டுக்குக் கவலை இல்லை. எந்த ஊர்க் கடையிலும் கறுப்பு ரொட்டி, புகை போட்ட மீன், முட்டை, அரிசி கிடைக்கும். ஆகஸ்டில் ப்ளூபெர்ரியைக் காட்டிலேயே பறித்துச் சாப்பிடலாம். பக்கத்துக் கூடாரத்துக்காரர்கள் அதிகம் பேச மாட்டார்கள், ஆனால் நீங்கள் சாப்பிட உட்கார்ந்திருக்கும்போது கடந்து போனால் "யாத்கு லெய்பா" என்பார்கள். உங்கள் ரொட்டி குறையாமல் இருக்கட்டும் என்று பொருள்.

அந்த ஏரிக்கரைக்கு மறுநாள் காலையில் ஒரு குடும்பம் வந்தது. அவர்களிடம் கோடாரியை இரவல் வாங்கி, நாங்கள் தீர்த்த அளவுக்கு நாலு கட்டை பிளந்தோம். பழக்கமில்லாத கை, அரை மணி நேரம் பிடித்தது. கட்டையிலிருந்து பட்டையை உரித்து, சுருட்டி, கொட்டகை மூலையில் நனையாத பக்கமாக வைத்தேன். கோடாரியைத் திருப்பிக் கொடுக்கப் போனபோது அந்த வீட்டுப் பையன் வந்து, என் சிராய்களில் தடிமனாக இருந்த இரண்டை எடுத்து, மறுபடி பிளந்து வைத்தான்.