போறணைக்குள் இருக்கும் சட்டிகள்

வணக்கம் நேயர்களே.

இந்த நேரத்தில் உங்களில் பாதிப் பேர் வேலை முடிந்து 401 நெடுஞ்சாலையில் நகராமல் நிற்பீர்கள். மிச்சப் பேர் குசினியில் நிற்பீர்கள். குசினியில் நிற்கிறவர்களிடம் முதலில் ஒரு கேள்வி. உங்கள் அடுப்புக்குக் கீழே ஒரு கதவு இருக்கிறதல்லவா, அந்தப் போறணைக் கதவு, அதை ஒருக்கால் திறந்து பாருங்கள். உள்ளே என்ன இருக்கிறது? தாச்சி, தோசைக்கல், நீத்துப்பெட்டி, எப்போதோ யாரோ சாப்பாடு போட்டுத் தந்த அலுமினியத் தட்டுகள். சரிதானே?

குறை சொல்வதற்காக இதைக் கேட்கவில்லை. நான் 1989இல் இந்தக் கனடா நாட்டுக்கு வந்தேன். ஸ்காபரோவில் ஒரு வீட்டின் நிலக்கீழ்ப் பகுதியில் குடியிருந்தோம். நாலு பேருக்கு அளவான குசினியில் எட்டுப் பேர் மாறி மாறிச் சமைத்தோம். சட்டி வைக்க இடமில்லை. போறணையோ நல்ல அகலமான பெட்டி, கதவும் இருக்கிறது. அதற்குள் வைத்தோம். பிறகு சொந்த வீடு வந்தது, அலுமாரிகள் வந்தன. சட்டிகள் மட்டும் அங்கேயே இருந்துவிட்டன. எத்தனையோ வீடுகளில் இன்றும் அப்படித்தான். இன்றைக்கு எனக்குத் தந்திருக்கிற 15 நிமிஷத்தில் நான் சொல்ல வந்தது இந்த ஒன்றைத்தான்: இந்த இலையுதிர் காலத்தில் அந்தச் சட்டிகளை வெளியே எடுங்கள். கிழமையில் ஒரு நாளாவது அந்தப் போறணையைச் சூடாக்குங்கள்.

போறணை என்ற சொல் இங்கே பிறந்த பிள்ளைகளுக்குப் புதிதாக இருக்கலாம். இது போர்த்துக்கேயர் விட்டுப்போன சொல். அவர்களுடைய ஃபோர்னோ எங்கள் வாயில் போறணை ஆனது. பாணும் குசினியும்கூட அவர்களிடமிருந்து வந்தவைதான். அவண் என்றும் சொல்கிறோம், சொல்லலாம். ஆனால் போறணை என்று சொன்னால் எனக்கு விறகுப் புகையும் பாண் வாசமும் சேர்ந்து வரும்.

அந்த வாசத்தைப் பற்றிக் கொஞ்சம் சொல்லத்தான் வேண்டும். வடமராட்சியில் எங்கள் ஊர்ச் சந்தியில் ஒரு பேக்கரி இருந்தது. செங்கல்லால் கட்டிய போறணை, உள்ளே ஓர் ஆள் குனிந்து இருக்கலாம் போல. விறகை உள்ளேயே போட்டு எரிப்பார்கள். கல் நன்றாகச் சூடேறியதும் தணலையும் சாம்பலையும் இழுத்து எடுத்துவிட்டு, ஈரச் சாக்கைத் தடியில் கட்டித் தரையைத் துடைப்பார்கள். பிறகு நீளப் பிடி போட்ட பலகையால் பாண் உள்ளே போகும். நெருப்பு இல்லை, கவனியுங்கள். நெருப்பு அணைந்த பிறகு கல்லில் நிற்கிற சூட்டில்தான் பாண் வேகும். பாண் வெளியே வந்த பிறகும் அந்தச் சூடு மணிக்கணக்காக நிற்கும்.

அந்த மிச்சச் சூடு ஊருக்குச் சொந்தம். வீடுகளில் அப்போது போறணை ஏது? சட்டிக்குள் மணல் போட்டு, மூடிக்கு மேலே தணல் போட்டுக் கேக் சுட்டவர்களும் இருந்தார்கள். ஆனால் நத்தாருக்கு முதல் கிழமையிலும், கல்யாண வீடு வந்தாலும், பெண்கள் கேக்கை வீட்டில் அடித்து, தட்டில் ஊற்றி, வெள்ளைத் துணியால் மூடி, பேக்கரிக்குக் கொண்டுபோவார்கள். பத்துப் பன்னிரண்டு தட்டுகள் ஒன்றாக உள்ளே போகும். எல்லாம் ஒரே மாதிரித் தட்டு. எது யாருடையது என்று எப்படித் தெரியும்? ஒவ்வொரு வீட்டுக்கும் ஓர் அடையாளம். எங்கள் அம்மா ஒரு மூலையில் ஒரேயொரு கஜு வைப்பா. பக்கத்து வீட்டு ரீச்சர் மூன்று பிளம்ஸ் வைப்பா. இன்னொருவர் முள்ளுக்கரண்டியால் ஓரத்தில் ஒரு கோடு இழுப்பார். சுட்ட பிறகும் அந்த அடையாளம் நிற்கும்.

பேக்கரிக்காரரை ஊரே பெரியையா என்றுதான் கூப்பிடும். சூடு பார்க்க அவரிடம் ஒரு கருவியும் இல்லை. கையை உள்ளே நீட்டுவார், வாய்க்குள் எண்ணுவார். பத்து எண்ண முதல் கையை எடுத்தாரென்றால், "இன்னும் பாண் சூடு பிள்ளை, இருங்கோ" என்பார். இருபது மட்டும் எண்ணினாரென்றால், "இனிக் கேக் சூடு, கொண்டு வாங்கோ."

நான் சின்னப் பிள்ளை, அம்மாவின் சேலையைப் பிடித்துக்கொண்டு நிற்பேன். இப்போது நினைத்துப் பார்த்தால், கேக்கின் ருசியைவிட வேறொன்றுதான் எனக்கு ஞாபகம் வருகிறது. அம்மா அங்கே வாங்கில் இருந்தா. சும்மா இருந்தா. எங்கள் வீட்டில் அம்மா சும்மா இருந்து நான் கண்டதில்லை. புட்டு அவிக்க நிற்பா, கறிக்கு நிற்பா, ஆட்டுக்குக் குழை போட நிற்பா. பேக்கரி வாங்கில் மட்டும் முக்கால் மணித்தியாலம் இருந்து, ரீச்சரோடு கதைத்து, என் தலையில் பேன் பார்த்து, இடையில் பலமாகச் சிரித்தும் இருக்கிறா. கேக் உள்ளே போய்விட்டது, கதவு மூடியாகிவிட்டது, இனி அவ செய்ய ஒன்றுமில்லை.

அதுதான் நேயர்களே, நான் திரும்பத் திரும்பச் சொல்வது. அடுப்பு எங்களை நிற்க வைக்கும். தாளிக்கும்போது நகர முடியாது, வதக்கும்போது நகர முடியாது, தோசை சுடுகிறவர் கடைசியாகத்தான் சாப்பிடுவார். போறணை எங்களை இருக்க வைக்கும். கதவை மூடினால் 45 நிமிஷம் எங்களுடையது.

இந்த நாட்டில் அந்த 45 நிமிஷம் எப்போது தேவை? இப்போதுதான். ஒக்டோபர் பிறந்துவிட்டது. மேப்பிள் இலைகள் சிவக்கத் தொடங்கிவிட்டன. நவம்பர் முதலாவது ஞாயிறு மணிக்கூட்டை ஒரு மணித்தியாலம் பின்னுக்குத் தள்ளுவோம், அதன் பிறகு ரொறன்ரோவில் ஐந்து மணிக்கே இருட்டு. கோடையில் பிள்ளைகள் ஒன்பது மணிவரை வெளியில் நின்றார்கள். இனிப் பள்ளிக்கூடத்தால் வந்து ஆளுக்கொரு அறைக்குள் போய்க் கதவைச் சாத்துவார்கள். அப்பா பின்னேர வேலைக்குப் போயிருப்பார். தாத்தா மேல்மாடியில் செய்தி கேட்டுக்கொண்டிருப்பார். ஐந்து பேர் இருக்கிற வீட்டில் ஐந்து அறையில் ஐந்து வெளிச்சம். என் மகள் வீட்டிலும் அப்படித்தான் இருந்தது.

கூப்பிட்டால் வரமாட்டார்கள். "வாங்கோ, இருந்து கதைப்போம்" என்றால் எந்தப் பதினைந்து வயதுப் பிள்ளை வரும்? ஆனால் கறுவா வாசம் படியேறிப் போனால் வரும். எங்கள் பேரன் வந்தான். முதல் நாள் வந்து, "என்ன அம்மம்மா செய்யிறீங்கள்?" என்றான். இரண்டாவது கிழமை அப்பிள் வெட்டித் தந்தான். வெட்டும்போது கண்ணும் கையும் வேலையில், என் முகத்தைப் பார்க்கத் தேவையில்லை. அப்போதுதான் பள்ளிக்கூடத்தில் நடந்த ஒரு விஷயத்தைச் சொன்னான். பெரிய விஷயம், மூன்று மாதமாக ஒருவருக்கும் சொல்லாமல் வைத்திருந்தது. நான் ஒன்றும் கேட்கவில்லை. "இன்னும் கொஞ்சம் சின்னனா வெட்டு அப்பன்" என்று மட்டும் சொன்னேன்.

அப்பிள் என்று சொன்னதால் அதைச் சொல்லாமல் தாண்ட மாட்டேன். அப்பிள் கேக் சரிவரவில்லை என்று என்னிடம் சொல்கிறவர்களிடம் நான் முதலில் கேட்பது, எந்த அப்பிள் போட்டீர்கள் என்றுதான். மாம்பழத்தில் கறுத்தக் கொழும்பானும் வெள்ளைக் கொழும்பானும் ஒன்று என்று எங்களிடம் யாராவது சொல்ல முடியுமா? அப்பிளும் அப்படித்தான். இந்த ஒன்ராறியோ மண்ணிலேயே பிறந்த அப்பிள் ஒன்று இருக்கிறது, மக்கின்டொஷ். 1811இல் ஜோன் மக்கின்டொஷ் என்ற கமக்காரர் டண்டேலா என்ற இடத்தில் காடு வெட்டும்போது தானாக முளைத்திருந்த அப்பிள் கன்றுகளைக் கண்டு பிடுங்கி நட்டார். தப்பியது ஒரு கன்று. இன்றைக்கு உலகத்தில் இருக்கிற மக்கின்டொஷ் மரங்கள் எல்லாம் அந்த ஒரு மரத்திலிருந்து ஒட்டுக்கட்டி வந்தவை. 1894இல் மரத்துக்குப் பக்கத்தில் இருந்த வீடு தீப்பிடித்து அந்தத் தாய் மரமும் கருகியது, அதற்குப் பிறகும் சில வருஷம் காய்த்ததாம். பேரனுக்கு இதைச் சொன்னபோது அவன் நம்பவில்லை, மக்கின்டொஷ் கணினிக்குப் பெயர் வைத்ததே இந்த அப்பிளால்தான் என்று தேடிப் பார்த்துவிட்டு வந்து எனக்கே சொன்னான்.

மக்கின்டொஷ் வாசமான அப்பிள், கடித்துச் சாப்பிட நல்லது. ஆனால் சூடு பட்டால் குழைந்து களியாகிவிடும். களி வேண்டுமென்றால் அதைப் போடுங்கள். கேக்கில் துண்டு துண்டாகத் தெரிய வேண்டுமென்றால் நோர்தேர்ன் ஸ்பை வாங்குங்கள். ஒக்டோபர் பிற்பகுதியில்தான் தோட்டங்களில் வரும், காத்திருந்து வாங்குங்கள். அது கிடைக்காவிட்டால் கோர்ட்லன்ட். வெட்டி வைத்தாலும் அது கெதியில் கறுக்காது.

இப்போது செய்முறை. நவராத்திரியும் கந்தசஷ்டியும் இந்தக் காலத்தில்தான் வருகின்றன. விரதக்காரர் இருக்கிற வீட்டில் முட்டை போட முடியாது. அதனால் முட்டையில்லாத கேக் சொல்கிறேன். எழுத வேண்டாம், லேசாக ஞாபகம் நிற்கும். ஒன்றரைக் கோப்பை மா, முக்கால் கோப்பை சீனி, ஒரு கோப்பை தயிர், அரைக் கோப்பை எண்ணெய். மாவுக்குள் ஒரு தேக்கரண்டி பேக்கிங் பவுடர், அரைத் தேக்கரண்டி அப்பச்சோடா, ஒரு தேக்கரண்டி கறுவாத் தூள், ஒரு சிட்டிகை உப்பு. தயிரின் புளிப்பும் அப்பச்சோடாவும் சேர்ந்து நுரைத்துக் கேக்கை எழுப்பும், முட்டை செய்கிற வேலையில் பாதியை அது செய்யும். ஈரச் சாமானை ஒன்றாகக் கலந்து, மாவைப் போட்டு, மா மறையும் வரைதான் கிளற வேண்டும். கூடக் கிளறக் கூடாது. இரண்டு அப்பிளைச் சின்னத் துண்டுகளாகப் போடுங்கள். 350 பாகையில் 40 முதல் 45 நிமிஷம். பாகை என்று சொன்னது பரனைட். ஊரிலிருந்து புதிதாக வந்தவர்களுக்கு அது ஏறக்குறைய 180 சென்ரிகிரேட்.

மாவைப் பற்றியும் ஒரு வார்த்தை. கனடாவில் சாதாரணமாக விற்கிற கோதுமை மா வலுவான கோதுமையில் அரைத்தது, புரதம் கூட. பாணுக்கும் ரொட்டிக்கும் அருமை. ஊர் அளவில் பட்டர் கேக் செய்தால் இறுகிப்போகும். வந்த முதல் வருஷம் மகளின் பிறந்தநாளுக்கு நான் செய்த கேக் கத்திக்குக்கூட மசியவில்லை, அன்றிரவு அழுதேன். ஊரில் எத்தனை கேக் அடித்த கை! பிறகுதான் தெரிந்தது, பிழை கையில் இல்லை. கேக் மா என்று தனியாக விற்கிறது, அதை வாங்குங்கள். இல்லாவிட்டால் ஒவ்வொரு கோப்பை மாவிலும் இரண்டு மேசைக்கரண்டியை எடுத்துவிட்டு அந்த அளவு சோள மாவை, இங்கே கோர்ன்ஸ்டார்ச் என்று விற்பதை, சேருங்கள். பட்டரையும் இரவே வெளியில் எடுத்து வையுங்கள். ஊரில் பட்டர் உருகிவிடும் என்று பயந்தோம், இங்கே இந்தக் குளிரில் இளக மாட்டேன் என்கிறது. இளகாத பட்டரில் சீனி எவ்வளவு அடித்தாலும் காற்று ஏறாது.

கறுவாவைப் பற்றி நிறையச் சொல்ல நினைத்திருந்தேன். சுருக்கமாகச் சொல்கிறேன். கடைகளில் தூளாக விற்பது பெரும்பாலும் கசியா, தடித்த பட்டை, உறைப்பு. எங்கள் இலங்கைக் கறுவா மெல்லிய பட்டைகள் பல ஒன்றுக்குள் ஒன்றாகச் சுருண்டிருக்கும், கையால் நொறுக்கலாம். தமிழ்க் கடைகளில் கிடைக்கும். அதை வாங்கி வீட்டில் இடியுங்கள். படியேறிப் போகிற வாசம் அதுதான்.

கண்ணாடிக்கு அந்தப் பக்கத்தில் தம்பி இரண்டு விரலைக் காட்டுகிறார். இரண்டு நிமிஷம். பூசணிக்காயைப் பற்றி இன்னும் தொடங்கவே இல்லை.

சரி, கெதியாகச் சொல்கிறேன். ஹலோவீனுக்கு முகம் வெட்டுகிற பெரிய பூசணியில் கேக் செய்யாதீர்கள், அது தண்ணியும் நாரும். சின்னதாக, பாரமாக, பை பம்கின் என்று விற்பார்கள், அதை வாங்குங்கள். பாதியாக வெட்டி, வெட்டிய பக்கம் கீழே இருக்கத் தட்டில் கவிழ்த்து, 400 பாகையில் முக்கால் மணித்தியாலம் சுட்டால் சதை தானாகக் கழன்று வரும். துணியில் போட்டுத் தண்ணியை வடியவிடுங்கள். நான் சொன்ன அதே கேக்கில் அப்பிளுக்குப் பதிலாக ஒரு கோப்பை போட்டு, தயிரைக் கொஞ்சம் குறையுங்கள். பூசணியில் கேக்கா என்று முகம் சுளிக்கிற அம்மம்மாமார் இருப்பீர்கள். எங்கள் லவ் கேக்குக்குள் சீனிப்பாகில் போட்ட நீத்துப்பூசணி இருக்கிறது, மறக்காதீர்கள்.

நன்றியறிதல் நாள் வருகிறது, ஒக்டோபர் இரண்டாவது திங்கள், பிள்ளைகளுக்கும் விடுமுறை. அன்றைக்குத் தொடங்கலாம். ஆனால் சூடாக்கும் பித்தானை அமத்த முதல் ஒருக்கால் உள்ளே பாருங்கள். ஒரு தோழி பாராமல் அமத்தி, பிளாஸ்டிக் மூடி உருகி, வீடு முழுக்கப் புகை. பாணை மட்டும் குளிர்ப்பெட்டியில் வைக்க வேண்டாம், அங்கேதான் அது கெதியில் காயும், வெளியில் வையுங்கள், இல்லாவிட்டால் உறைய வைக்கிற தட்டில்... தம்பி கையை அசைக்கிறார். பூசணி விதையை எறிய வேண்டாம், கழுவி, உப்புப் போட்டு, அதே போறணையில் ஒரு பத்து நிமிஷம், பேரன் அதைத்தான் முதலில் முடிப்பான். வணக்கம்.