ஏழாவது வாரம்

நேயர்களுக்கு வணக்கம்.

ஜெர்மனியின் நலக்காப்பீட்டு நிதியங்களில் நோய்க்கால உதவித்தொகைச் செலவு ஏறுகிறது என்று செய்தி வந்தால் போதும், கூடவே ஒரு முணுமுணுப்பும் எழும்: "திங்கட்கிழமை தும்மியவன் வெள்ளிவரை விடுப்பு எடுத்தால் செலவு ஏறாமல் என்ன செய்யும்?"

தும்மியவர்மேல் இந்தப் பழியைப் போட முடியாது. அங்கே ஒரு தொழிலாளி நோயுற்றால் முதல் ஆறு வாரச் சம்பளத்தை முழுமையாகக் கொடுப்பவர் முதலாளி. வேலையில் சேர்ந்து நான்கு வாரம் ஆகாதவர் போன்ற சில விலக்குகள் உண்டு; அவற்றை விட்டுவிடலாம். நிதியத்தின் பணப்பெட்டி திறப்பது பொதுவாக ஏழாவது வாரத்தில்தான். அதற்குள் தும்மல்காரர் வேலைக்குத் திரும்பியிருப்பார்.

அப்படியானால் பெட்டியைத் தேடி வருபவர் யார்? முதுகுத்தண்டில் அறுவைச் சிகிச்சை செய்துகொண்டவர். புற்றுநோய்க்கு மருந்து ஏற்றிக்கொண்டிருப்பவர். மனச்சோர்வால் காலையில் எழவே முடியாதவர். ஒரே நோய்க்கு மூன்றாண்டுக்குள் 78 வாரம் என்பது சட்டம் வைத்த எல்லை. முதலாளி கொடுத்த ஆறு வாரமும் அதில் சேரும் என்பதால், நிதியம் கொடுப்பது 72 வாரம்வரை. தொகை, மொத்தச் சம்பளத்தில் 70 விழுக்காடு; ஆனால் கைக்கு வரும் சம்பளத்தில் 90 விழுக்காட்டைத் தாண்டக்கூடாது. 72 வாரம் என்றால் 504 நாள். பத்து நாள் மட்டும் வாங்கியவர்கள் ஐம்பது பேரைச் சேர்த்தால்தான் இந்த ஒருவருக்கு ஈடாகும்.

1883இல், ஜெர்மன் பேரரசின் பிரதமராக இருந்த பிஸ்மார்க் காலத்துச் சட்டம் பாதிக் கூலியை, 13 வாரத்துக்கு மட்டும் தந்தது. முதலாளியின் ஆறு வாரமும் சும்மா கிடைத்ததல்ல. ஷ்லெஸ்விக்-ஹோல்ஷ்டைன் மாநில உலோகத் தொழிலாளர்கள் 1956 அக்டோபரில் தொடங்கிய வேலைநிறுத்தம், அடுத்த ஆண்டு பிப்ரவரிவரை நீண்டது. நோய்க்காலச் சம்பளம் அதன் முதன்மைக் கோரிக்கைகளில் ஒன்று.

செலவு ஏறுவதற்குச் சம்பள உயர்வும் ஒரு காரணம். ஆனால் சம்பளம் உயர்ந்தால் நிதியத்துக்கு வரும் சந்தாவும் உயர்கிறது. அதைப் பெரிய இழப்பாக எழுதுவது கொஞ்சம் நடிப்பு. நாட்களின் நீளத்தைத்தான் பார்க்க வேண்டும். இளைஞர் அடிக்கடி படுத்து விரைவில் எழுந்துவிடுகிறார். அறுபதை நெருங்கியவர் அரிதாகப் படுக்கிறார், படுத்தால் மாதக்கணக்கு. ஓய்வு வயதோ 67ஐ நோக்கிப் படிப்படியாக ஏறிக்கொண்டிருக்கிறது. மனநோய்க்கு வந்தால், சிகிச்சையாளரிடம் இடம் கிடைக்கவே பலர் மாதக்கணக்கில் காத்திருக்கிறார்கள். சிகிச்சையே தொடங்காத அந்த மாதங்களுக்கும் இதே பெட்டிதான் படியளக்கிறது. பணம் சேமிக்க விரும்பும் நிதியம் முதலில் கைவைக்க வேண்டிய இடம் இதுதான் என்பது என் எண்ணம்.

நிதியத்துக்கு வேறொரு வழியும் தெரியும். வேலைத்திறன் பறிபோகும் நிலை என்று மருத்துவர் சான்று கொடுத்தால், பத்து வாரத்துக்குள் மறுவாழ்வுச் சிகிச்சைக்கு விண்ணப்பிக்கும்படி நோயாளிக்குக் கடிதம் அனுப்பலாம். விண்ணப்பிக்காவிட்டால் உதவித்தொகையை நிறுத்தலாம். அந்தச் சிகிச்சையைப் பெரும்பாலும் ஏற்பது ஓய்வூதியக் காப்பீடு. நோயாளிக்கு நல்லதாகவும் முடியலாம். ஆனால் சுமையைப் பக்கத்து வீட்டுத் திண்ணையில் இறக்கி வைக்கும் சாமர்த்தியமும் அந்தக் கடிதத்தில் ஒளிந்திருக்கிறது.

படிப்படியாக வேலைக்குத் திரும்பும் ஏற்பாடும் இருக்கிறது. முதலில் நாளுக்கு இரண்டு மணி நேரம், பிறகு நான்கு. ஆனால் அந்த வாரங்களிலும் அவர் சட்டப்படி நோயாளிதான். உதவித்தொகை முழுதாகவே போகிறது. ஸ்வீடனில் கால், அரை, முக்கால் என்று நோய்விடுப்பைப் பிரித்து, அதற்கேற்பத் தொகையையும் குறைக்கிறார்கள். ஜெர்மானியச் சட்டமோ நெடுங்காலமாக ஒருவரை முழு நோயாளி அல்லது முழு ஆரோக்கியசாலி என்றுதான் பார்த்து வந்திருக்கிறது. முதுகில் தையல் போட்டவரால் இரண்டு மணி நேரம் நாற்காலியில் உட்கார முடியும், எட்டு மணி நேரம் முடியாது என்பது அவர் வீட்டுக் குழந்தைக்குக்கூடத் தெரியும்.

வணக்கம்.