இரண்டு மூட்டை நெல்லை அரைத்துத் தர ஆள் எங்கே?

வணக்கம். காற்று பலமாக அடிக்கிறது, அதனால் குரலில் கொஞ்சம் இரைச்சல் கலந்திருக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள். திருத்துறைப்பூண்டிக்குத் தெற்கே, வேதாரண்யம் போகிற பக்கம், ஒரு கிராமத்துச் சாலையோரம் நிற்கிறேன். பின்னால் பாருங்கள், பாதிச் சாலையில் நெல் காய்கிறது. வண்டிகள் ஏறிவிடாமல் ஓரம் முழுக்கக் கல் அடுக்கி, முனையில் ஒரு முள் கிளையையும் போட்டிருக்கிறார்கள். இது மாப்பிள்ளைச் சம்பா, சிவப்பரிசி தருகிற பாரம்பரிய ரகம். நேற்று அறுத்தது.

இங்கே ஏன் வந்தேன் என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன், கொஞ்சம் வெட்கத்தோடு. போன வருடம் இந்த நெல்லுக்குச் சொந்தக்காரரான அண்ணனிடம் பத்துக் கிலோ சிவப்பரிசி வாங்கினேன். ஒன்றரை மாதத்தில் டப்பாவைத் திறந்தால் வண்டு. உடனே படம் எடுத்து, "இப்படியா அனுப்புவீர்கள்?" என்று காட்டமாக ஒரு செய்தி அனுப்பினேன். அவர் ஒரு வார்த்தை எதிர்த்துப் பேசவில்லை. "தப்புதான் தம்பி, வேறு அனுப்புகிறேன்" என்று தன் செலவில் இன்னொரு பை அனுப்பிவைத்தார். அந்தப் பையின் மேல் ஒட்டியிருந்த பார்சல் கட்டணத்தைப் பார்த்த பிறகுதான் எனக்கு உறைத்தது. அந்த அரிசியில் அவருக்குக் கிடைத்த லாபத்தை நானே தின்றுவிட்டேன்.

ஏன் வண்டு வந்தது என்று கேட்கத்தான் வந்தேன். அண்ணன் பதில் சொல்லாமல் ஒரு நெல்லை எடுத்து நகத்தால் உரித்து என் உள்ளங்கையில் வைத்தார். கிட்டே காட்டுகிறேன், பாருங்கள். இந்தச் சிவப்பு நிறம் அரிசியின் மேல்தோலில் மட்டும்தான் இருக்கிறது. தோல்தான் தவிடு. அதில் எண்ணெய் இருக்கிறது. நன்றாகக் காய்ந்த நெல்லாக, உமியோடு இருக்கும்வரை ஒரு வருடம் ஆனாலும் எளிதில் கெடாது. உமியை நீக்கிய நாளிலிருந்து எண்ணெய் காறத் தொடங்கும், வண்டுக்கும் வழி திறந்துவிடும். கடையில் வாங்கும் வெள்ளை அரிசி அத்தனை நாள் தாங்குவதற்குக் காரணம், அதில் காறுவதற்கு எதையும் மிச்சம் வைக்காததுதான்.

ஆக, சிவப்பரிசியை நெல்லாகவே வைத்திருந்து, தேவைப்படுகிறபோது இரண்டு மூட்டை, மூன்று மூட்டை என்று அரைத்து அனுப்ப வேண்டும். கேட்பதற்குச் சின்ன வேலைதான். ஆனால் அந்த இரண்டு மூட்டையை அரைத்துக் கொடுக்க ஆள் எங்கே?

பெரிய ஆலைகளில் டன் கணக்கில் போனால்தான் இயந்திரத்தை ஓட்டுவார்கள். அவர்களைக் குறை சொல்ல முடியாது. இன்னொரு வேடிக்கையும் கேட்டேன். நவீன ஆலைகளில் நிறம் பிரிக்கும் இயந்திரம் இருக்கிறதே, அது வெள்ளைக்கு என்று அமைத்து வைத்தது. சிவப்பரிசியைக் கொட்டினால் மொத்தத்தையும் குப்பை என்று ஒதுக்கித் தள்ளுமாம். ஊருக்கு ஒன்றாக இருந்த பழைய ரைஸ் மில்கள் பெரும்பாலும் கல்யாண மண்டபமாகிவிட்டன, இல்லையென்றால் பூட்டிக் கிடக்கின்றன. அதனால் அண்ணன் அறுவடை முடிந்ததும் எல்லாவற்றையும் ஒரே நடையில் அரைத்து வைத்துவிட்டார். ஆறு மாதம் விற்றார். எனக்கு வந்தது கடைசிப் பை.

இப்போது ஒரு கணக்கு. அவருக்கு மொத்தம் ஆறு மா, அதாவது இரண்டு ஏக்கர். குறைவு என்று நினைக்காதீர்கள். 2015-16 வேளாண் கணக்கெடுப்பில் தமிழ்நாட்டின் சராசரியே 0.75 ஹெக்டேர்தான். இரண்டு ஏக்கர்கூட வராது. ஒரு ஏக்கரில் சாதாரண ரகம் போட்டு அரசுக் கொள்முதல் நிலையத்துக்குக் கொடுக்கிறார். இன்னொரு ஏக்கரில் மாப்பிள்ளைச் சம்பா. சாதாரண ரகம் 60 கிலோ மூட்டையில் 30 கண்டது, 1,800 கிலோ. 2025-26 பருவத்துக்குக் குறைந்தபட்ச ஆதார விலை சாதாரண ரகத்துக்குக் குவிண்டாலுக்கு 2,369 ரூபாய், மாநில ஊக்கத்தொகையோடு ஏறத்தாழ 2,500. கையில் 45,000 ரூபாய், ஒரே தவணையில்.

மாப்பிள்ளைச் சம்பா 16 மூட்டைதான், 960 கிலோ. அதையும் நெல்லாகவே அந்த விலைக்குக் கொடுத்தால் 24,000. முடிந்தது கதை. அரிசியாக்கினால் நூற்றுக்கு அறுபது பங்கு தேறும், 576 கிலோ. கிலோ 80 ரூபாய் என்று நேரடியாக விற்றால் 46,000. யூரியா, பூச்சிமருந்துச் செலவு இல்லை, ஆனால் களை எடுக்கும் கூலி கூடுதல். ஐந்து மாதத்துக்கு மேல் வயலில் நிற்கிற பயிர், ஆள் உயரம் வளர்ந்து ஒரு மழைக்குச் சாய்ந்துவிடும் என்ற பயம் வேறு. அந்த 24,000-க்கும் 46,000-க்கும் நடுவில் நிற்பது உமி நீக்கும் இயந்திரம் ஒன்றுதான்.

விதை இல்லை என்று இனி யாரும் சொல்ல முடியாது. அந்தப் பெருமை இந்த மண்ணுக்கே உரியது. பக்கத்து ஆதிரெங்கத்தில், பாரம்பரிய நெல் ரகங்களைத் தேடிச் சேர்த்த நெல் ஜெயராமன் நடத்திய நெல் திருவிழாவில் இரண்டு கிலோ விதை நெல் கொடுப்பார்கள், அடுத்த வருடம் நான்கு கிலோவாகத் திருப்பித் தர வேண்டும். பணமே புழங்காத வங்கி. நூற்று ஐம்பதுக்கும் மேற்பட்ட ரகங்கள் அப்படித்தான் வயலுக்குத் திரும்பின. 2018 நவம்பரில் கஜா புயல் இந்தப் பகுதியைப் புரட்டிப் போட்டது. அடுத்த மூன்று வாரத்தில், டிசம்பர் 6 அன்று, அவரும் போய்விட்டார். இப்போது மாநில அரசும் அவர் பெயரில் ஓர் இயக்கம் நடத்தி விதை கொடுக்கிறது. நல்லது. ஆனால் விதைக்குக் கிடைத்த கவனத்தில் கால் பங்குகூடக் களத்துக்கும் மில்லுக்கும் கிடைக்கவில்லை என்பது என் எண்ணம். நாடு முழுவதும், உழவர்களே சேர்ந்து நடத்தும் 10,000 உழவர் உற்பத்தியாளர் அமைப்புகளை உருவாக்கும் திட்டம் 2020-இல் தொடங்கியது. நான் போய்ப் பார்த்த சிலவற்றில் முதலில் திறந்தது உரக்கடை. அதற்குப் பதில் ஒரு சின்ன அரவை இயந்திரமும் ஒரு சிமெண்டுக் களமும் போட்டிருந்தால் இந்த நெல் தார்ச்சாலையில் காயுமா?

காலையில் ஒரு மில்லுக்குப் போனோம். இங்கிருந்து பத்துக் கிலோமீட்டர். மில்காரப் பெரியவரின் பிள்ளைகள் சிங்கப்பூரில் இருக்கிறார்கள், "மூடிவிட்டு வா" என்கிறார்களாம். அவர் மட்டும் சனிக்கிழமைகளில் இரண்டு மூட்டையானாலும் அரைத்துத் தருகிறார். முந்தைய அரிசி உள்ளே தங்கியிருக்கும் என்பதால் முதலில் கொஞ்சம் உமியைக் கொட்டி ஓட்டுகிறார். பிறகு வருகிற முதல் படி அரிசி கோழிக்கு. அடுத்துத்தான் சாக்கைப் பிடிக்கச் சொல்கிறார். உமி நீக்குவது ரப்பர் உருளை. கடையில் "கைக்குத்தல்" என்று எழுதி விற்கும் அரிசி பெரும்பாலும் இப்படி வந்ததுதான், உலக்கை பிடித்த கை எதுவும் இல்லை. எனக்கு அதில் வருத்தமில்லை. உலக்கை பிடித்தவர்களைக் கேட்டுப்பாருங்கள், அவர்களுக்கும் இருக்காது.

இதைப் பார்க்கிற நீங்கள் என்ன செய்யலாம் என்று அண்ணனிடம் கேட்டேன். விலையைக் கூட்டித் தரச் சொல்வார் என்று எதிர்பார்த்தேன். அவர் வீட்டு அக்காதான் முந்திக்கொண்டு சொன்னார்: "தை மாதம் எல்லோரும் காசோடு வருகிறீர்கள் தம்பி. எங்களுக்குக் காசு வேண்டியது புரட்டாசியில். உழவுக்கு, நடவுக்கு, களைக்கு. அப்போது நகை கடைக்குப் போய்விடுகிறது."

நகை எந்தக் கடைக்குப் போகிறது என்று உங்களுக்குத் தெரியும்.

எங்கள் தெருவில் பன்னிரண்டு வீடுகளில் பேசியிருக்கிறேன். வருடத்துக்கு வேண்டிய அரிசிக்குப் பாதிப் பணத்தைப் புரட்டாசியிலேயே கொடுத்துவிடுவது. நெல் இவர் வீட்டிலேயே இருக்கும். மாதத்தின் முதல் சனிக்கிழமை அரைத்து, வீட்டுக்கு ஐந்து கிலோ அனுப்புவார். மழையில் பயிர் சாய்ந்தால் அந்த நட்டத்தில் எங்களுக்கும் பங்கு. இந்தக் கடைசி விஷயத்துக்கு மூன்று வீடுகள் பின்வாங்கிவிட்டன, ஒளிக்காமல் சொல்கிறேன். ஒன்பது வீடுகளோடு தொடங்குகிறோம்.

கொஞ்சம் இருங்கள், அண்ணன் நெல்லைக் கடித்துப் பார்க்கிறார். "டக்" என்று உடைய வேண்டுமாம். இது இன்னும் நசுங்குகிறது. இன்னொரு வெயில் வேண்டும் என்கிறார். ஆனால் கிழக்கே பாருங்கள், கறுத்துக்கொண்டு வருகிறது. அக்கா தார்ப்பாயின் ஒரு முனையைப் பிடித்துக்கொண்டு என்னைக் கூப்பிடுகிறார். கேமராவை இந்தக் கல்லின் மேல் வைத்துவிட்டுப் போகிறேன், ஓடிக்கொண்டிருக்கட்டும்.