இளவயதுக் கர்ப்பம்: தடுப்புத் திட்டம் பலன் தந்ததா என்று பார்ப்பது எப்படி?

நேயர்களுக்கு வணக்கம்.

தொண்டியிலிருந்து மூக்கையூர் வரை நம் ராமநாதபுரம் மாவட்டக் கரையோர ஊர்களில் வளரிளம் பெண்களுக்கென்று கூட்டங்கள் நடக்கின்றன. பள்ளியில் ஒரு வகுப்பு, ஊர்க்கூடத்தில் ஒரு பேச்சு, கையில் ஒரு துண்டுப் பிரசுரம். முடிந்ததும் அறிக்கை எழுதுகிறோம்: "பங்கேற்றோர் 120. விழிப்புணர்வு பெற்றனர்." அந்த 120 பேரில் எத்தனை பேருக்கு 18 வயதுக்குள் கல்யாணம் முடிந்தது, எத்தனை பேர் 19 நிறைவதற்குள் பிள்ளை பெற்றார்கள் என்று ஒரு வரி அதில் இருக்காது. அந்த ஒரு வரியைப் பற்றித்தான் இன்று பேச வந்திருக்கிறேன்.

நல்ல எண்ணத்தோடு செய்கிற காரியம் கெடுதலா செய்துவிடும் என்று கேட்பீர்கள். செய்யும். மேற்கு ஆஸ்திரேலியாவில் 57 பள்ளிகளைக் குலுக்கிப் பிரித்தார்கள். ஒரு பாதிப் பள்ளிகளில் 13 முதல் 15 வயது மாணவிகளுக்குக் கம்ப்யூட்டர் பொருத்திய பொம்மைக் குழந்தையைக் கொடுத்து, வார விடுமுறைக்கு வீட்டுக்கு அனுப்பினார்கள். அது நடுராத்திரியில் அழும். பால் கொடுக்க வேண்டும், ஏப்பம் விடத் தட்ட வேண்டும், துணி மாற்ற வேண்டும். சரியாகப் பார்க்காவிட்டால் பொம்மைக்குள்ளேயே பதிவாகிவிடும். பிள்ளை வளர்ப்பது எவ்வளவு பாடு என்று தெரிந்தால் பயந்து தள்ளி நிற்பார்கள் என்பது கணக்கு. அந்தப் பிள்ளைகளை 20 வயது வரை ஆஸ்பத்திரிப் பதிவேடுகள் வழியாகத் தொடர்ந்தார்கள். 2016-இல் முடிவு வெளியானது. பொம்மை வாங்கியவர்களில் 8 சதவீதம் பேர் பிள்ளை பெற்றிருந்தார்கள்; வாங்காதவர்களில் 4 சதவீதம். கருக்கலைப்பு செய்துகொண்டவர்கள் முறையே 9 சதவீதம், 6 சதவீதம். வகுப்பு முடிந்த அன்றே "பிடித்திருந்ததா, பயனாக இருந்ததா" என்று மட்டும் கேட்டு நிறுத்தியிருந்தால் இது வெளியில் வந்தே இருக்காது.

இங்கிலாந்தில் வசதியற்ற, பள்ளியோடு ஒட்டாத 13–15 வயதுப் பிள்ளைகளைத் தனிக் குழுவாகச் சேர்த்து ஒரு திட்டம் நடத்தினார்கள். அதில் சேர்ந்த பெண்களில் 16 சதவீதம் பேர் கர்ப்பமானார்கள். ஒப்பிட்டுப் பார்த்த இடங்களில் 6. அங்கே குலுக்கல் போடவில்லை, இரண்டு பக்கமும் முதலிலேயே வேறுபட்டிருக்கலாம் என்பதையும் சொல்லியாக வேண்டும். ஆனாலும் சிக்கலில் இருக்கிற பிள்ளைகளை மட்டும் பொறுக்கி ஒரே அறையில் உட்கார வைத்து, "நீங்கள்தான் ஆபத்தில் இருப்பவர்கள்" என்று பெயர் வைப்பதை நான் ஒப்புக்கொள்வதில்லை. நம் ஊரில் அந்தப் பெயர் சம்பந்தம் பேசுகிற வீடு வரைக்கும் போய்ச் சேரும்.

சரி, இங்கே எப்படி அளப்பது? முதலில் பட்டியல். பள்ளி வருகைப் பதிவேட்டை மட்டும் வைத்து எடுத்தால், பத்தாவதோடு நின்று நண்டுக் கம்பெனிக்குப் போகிற பிள்ளை, அம்மாவோடு கடல்பாசி எடுக்கப் போகிற பிள்ளை, மண்டபம் அகதிகள் முகாமில் இருக்கிற பிள்ளை விட்டுப்போவார்கள். யாருக்காகத் திட்டமோ அவர்களே பட்டியலில் இருக்க மாட்டார்கள். கிராம சுகாதார செவிலியரின் தம்பதியர் பதிவேட்டில் கல்யாணமானவர்கள்தான் இருப்பார்கள். அதனால் அங்கன்வாடியின் குடும்பக் கணக்கை எடுத்துக்கொண்டு வீடு வீடாகப் போய் 13 முதல் 17 வயது வரை எல்லாப் பெண்களையும் எழுத வேண்டும்.

அடுத்தது ஒப்பீடு. திட்டம் நடக்கிற ஊர், இன்னும் நடக்காத ஊர், இரண்டும் வேண்டும். ஊர்ப் பெரியவர்கள், ஜமாத்தார், பங்குப் பேரவையினர் முன்னிலையிலேயே சீட்டுக் குலுக்கிப் போடுங்கள்: இந்த ஊர்களுக்கு இப்போது, அந்த ஊர்களுக்கு மூன்று வருஷம் கழித்து. விசைப்படகு ஊரை விசைப்படகு ஊரோடும், பாசி எடுக்கிற ஊரைப் பாசி எடுக்கிற ஊரோடும் ஜோடி சேர்த்துவிட்டுக் குலுக்குவது நல்லது. ஒரே ஊருக்குள் பாதிப் பேரைப் பிரிக்கக் கூடாது. ஒருத்தி கேட்டது சாயங்காலத்துக்குள் மற்றவளுக்குத் தெரிந்துவிடும்.

எத்தனை பேர் வேண்டும் என்பதில்தான் பலரும் ஏமாறுகிறார்கள். நூற்றுக்கு 8 என்பது 4 ஆகக் குறைந்ததை நம்பிச் சொல்ல, ஒரு பக்கத்துக்கு ஏறக்குறைய 550 பிள்ளைகள் வேண்டும். ஊர் ஊராகக் குலுக்கினால் அதற்கும் மேலே போகும், ஏனென்றால் ஓர் ஊர்ப் பிள்ளைகள் ஒருவரைப்போல் ஒருவர் இருப்பார்கள். 60 பேரை வைத்து நடத்திவிட்டு "கர்ப்பம் பாதியாகக் குறைந்தது" என்று எழுத வழியே இல்லை. சின்னத் திட்டமென்றால் பள்ளியில் நீடிப்பது, கல்யாண வயது ஆகியவற்றை அளந்து, அதோடு நிறுத்திக்கொள்வது நேர்மை.

காலமும் பார்க்க வேண்டும். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடை. விசைப்படகு ஆட்கள் கரையில் இருப்பார்கள், பள்ளி விடுமுறையும் அதோடு சேரும். முதல் கணக்கெடுப்பை மார்ச்சிலும் அடுத்ததை ஜூலையிலும் எடுத்தால் திட்டத்தின் பலனும் பருவத்தின் பலனும் கலந்துவிடும். ஒவ்வொரு வருஷமும் அதே மாதத்தில் எடுங்கள். குறைந்தது மூன்று வருஷம்.

அந்த மூன்று வருஷத்தில் தொலைந்துபோகிறவர்கள் யார்? தூத்துக்குடிக்கோ நாகப்பட்டினத்துக்கோ கட்டிக் கொடுக்கப்பட்டவள்தான் முதலில் தொலைவாள். அவளை விட்டுவிட்டு மிச்சப் பேரை எண்ணினால் கணக்கு அழகாக வரும், ஆனால் பொய்யாக இருக்கும். அப்பாவின் ஒரே போன் நம்பர் போதாது. அவர் கடலில் இருப்பார். அம்மா, அத்தை அல்லது சித்தி, ஒரு தோழி என்று மூன்று பேர் நம்பர் வாங்கிக்கொள்ளுங்கள்.

அரசுப் பதிவேட்டை அப்படியே நம்புவதிலும் சிக்கல் இருக்கிறது. டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு உதவிக்கு 19 வயது நிறைந்திருக்க வேண்டும். அதனால் 17 வயது, 19 என்று எழுதப்படலாம். அல்லது பதிவே தாமதமாகலாம். பள்ளி மாற்றுச் சான்றிதழில் உள்ள பிறந்த தேதியோடு ஒப்பிட்டுப் பாருங்கள். சிறார் மீதான பாலியல் குற்றங்களுக்கான போக்சோ சட்டத்தில் வழக்கு வருமென்று பயந்து ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு வராமல், மருந்துக் கடையில் கருக்கலைப்பு மாத்திரை வாங்குவோரும் உண்டு. சுகாதார நிலையத்தில் எண்ணிக்கை குறைவதாலேயே கர்ப்பம் குறைந்துவிட்டது என்று ஆகாது.

கேட்கிற விதம் இன்னும் முக்கியம். கேட்பவர் வெளியூர்ப் பெண்ணாக இருக்கட்டும், ஆனால் நம் ஊர்ப் பேச்சு வழக்கு தெரிந்தவராக. மாமியார் திண்ணையில் இருக்கும்போது கேட்டால் ஒரு பதில்தான் வரும். கேள்வியை ஹெட்போனில் ஒலிக்கவிட்டு, கையில் இரண்டு அட்டை கொடுங்கள், மஞ்சள் ஆம், நீலம் இல்லை. அட்டையை அவளே பெட்டிக்குள் போடட்டும். பக்கத்தில் நிற்பவருக்குக் கேள்வியே தெரியாது.

"யாரிடமும் சொல்ல மாட்டோம்" என்று மட்டும் வாக்குக் கொடுக்காதீர்கள். 2012 போக்சோ சட்டப்படி 18 வயதுக்கு உட்பட்டவரிடம் நடந்த குற்றம் தெரியவந்தால் தெரிவிக்க வேண்டிய கடமை உண்டு. அதைக் கேள்விக்கு முன்பே அவளிடம் சொல்லுங்கள். மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகோடு நடைமுறையை முன்கூட்டியே பேசி வைத்துக்கொள்ளுங்கள். குழந்தைகள் உதவி எண் 1098-ஐ எழுதிக் கொடுங்கள். சிறுமிக்கு மருத்துவக் கருக்கலைப்பு செய்யும் மருத்துவர், அவளும் பாதுகாவலரும் கேட்டுக்கொண்டால் புகாரில் அடையாளத்தை வெளியிட வேண்டியதில்லை என்று உச்ச நீதிமன்றம் 2022 செப்டம்பரில் சொல்லியிருக்கிறது. சட்டம் அனுமதிக்கும் வரம்பு, இரண்டு மருத்துவர் ஒப்புதலோடு 24 வாரம். இது தெரியாமல் நாளைக் கடத்துவதுதான் பெரிய ஆபத்து.

எது பலன் தரும் என்று கேட்டால், கென்யாவில் 328 பள்ளிகளில் நடந்த ஆய்வு நினைவுக்கு வருகிறது. இலவசச் சீருடை கொடுத்ததில் மாணவிகளின் கர்ப்பம் மூன்று வருஷத்தில் 16 சதவீதத்திலிருந்து 13 ஆனது. எய்ட்ஸ் பாடம் மட்டும் நடத்திய பள்ளிகளில் குறையவில்லை. நம் பள்ளிகளில் சீருடை ஏற்கெனவே இருக்கிறது. இங்கே தடையாக நிற்பது மேல்நிலைப் பள்ளிக்குப் போகிற பஸ்ஸா, சாயங்காலம் திரும்பும் வழியில் விளக்கா என்று பிள்ளைகளிடமே முதலில் கேளுங்கள். அதைக் கொடுத்துவிட்டுப் பலனை அளந்து பாருங்கள்.

கடைசியாக ஒன்று. திட்டத்தின் நடுவே ஒருத்தி கர்ப்பமாகிவிட்டால் "இனி இவளுக்கு என்ன" என்று பெயரை அடித்துவிடும் வழக்கத்தை விட்டுவிடுங்கள். பத்தாவதையும் பிளஸ் டூவையும் தனித்தேர்வராக எழுத அவளுக்கு வழி இருக்கிறது. எழுதினாளா, அடுத்த பிள்ளைக்கு எத்தனை வருஷ இடைவெளி விட்டாள் என்று அவள் பெயருக்கு நேரே இரண்டு கட்டம் போட்டு, மூன்று வருஷமும் நிரப்புங்கள்.

வணக்கம்.